தாம்பே அண்ணா

ரவிசந்திரனுக்கு இருபது வயதில் ஒரு மாதம் டீ ஒத்துக்கொள்ளவில்லை. 1980-இல் புனேவுக்கு வந்த கையோடு மஞ்சள் காமாலை வந்து, படுத்துத் தேறி, முதல் முதலாக வெளியே வந்த நாளில், கட்கி பஜாரில் ஈரானிக் கடைக்காரரிடம் அவனுடைய அண்ணன் ஜம்பு, "ஒரு சாயா, ஒரு தூத்" என்றார். தம்பிக்குப் பால். அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருஷம், அண்ணனோடு போன இடத்திலெல்லாம் ரவிசந்திரன் பால்தான் குடித்தான். கல்யாண வீட்டில் பால், ஆஸ்பத்திரி கேண்டீனில் பால், ரயில்வே பிளாட்பாரத்தில்கூட எங்கிருந்தாவது ஒரு டம்ளர் பால் வந்துவிடும். போசரியில் அவன் வேலை பார்த்த லேத் பட்டறையிலோ ஒரு நாளைக்கு ஐந்து டீ, இஞ்சி தட்டிப் போட்டது. அண்ணனிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதில்லை. பால் என்ன விஷமா, குடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்துவிட்டான்.

இந்த இடத்திலேயே ஒரு சின்னத் தொல்லை. இந்த மனிதரை 'அவன்' என்பதா, 'அவர்' என்பதா? இதே ரவிசந்திரன்தான் பிற்பாடு சாங்வியில் நாற்பது குடும்பம் இருக்கிற ஹவுசிங் சொசைட்டிக்குத் தலைவர். தண்ணீர் டேங்கர் வராவிட்டாலும் மாடி வீட்டுக்காரன் துணி காயப்போட்டுக் கீழ்வீட்டில் சொட்டினாலும் அவர் கதவைத்தான் தட்டுவார்கள். அங்கே போய் 'அவன்' என்றால் அடிக்க வருவார்கள். கட்கியில் அண்ணன் வீட்டில் 'அவர்' என்றாலோ, யாரைச் சொல்கிறோம் என்று வாசலை எட்டிப் பார்ப்பார்கள். ஆகவே ஓர் ஏற்பாடு செய்துகொள்வோம். அண்ணன் பக்கத்தில் இருந்தால் அவன், இல்லாவிட்டால் அவர். அவருக்கே தன்னைப் பற்றி அப்படித்தான் நினைப்பு.

ஜம்பு அவனைவிடப் பதினொரு வயது மூத்தவர். குடியாத்தத்தில் அப்பா முனுசாமி இறந்தபோது ரவிசந்திரனுக்கு நாலு வயது. ஜம்பு கட்கி அம்யூனிஷன் ஃபாக்டரியில் வேலைக்குச் சேர்ந்து, பவுனைக் கல்யாணம் செய்துகொண்டு, இரண்டு ஆண்பிள்ளைகள் பிறந்து, அதற்கு அப்புறமும் தம்பிதான் தன் மூத்த பிள்ளை என்று வைத்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், அதில் சந்தேகமே வேண்டாம். காமாலையில் தம்பிக்கு நிற்க முடியாமல் போனபோது முதுகில் போட்டுக்கொண்டு இரண்டு மாடி இறங்கியவர். ஒரே ஒரு வழக்கம்தான். தம்பியை யார் எதைக் கேட்டாலும் பதில் இவர் சொல்வார். எங்கே வலிக்கிறது என்று டாக்டர் கேட்டால், வலது விலாவில் என்று இவர் சொல்வார். வலியும் அங்கேதான் இருக்கும். அதுதான் இதில் கஷ்டம்.

சாவித்ரியைப் பெண் பார்க்கப் போன வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று மாப்பிள்ளையைக் கேட்டார்கள். "புடிச்சிருக்கு" என்றார் ஜம்பு. ரவிசந்திரனுக்கும் உண்மையிலேயே பிடித்திருந்தது. ஆனால் அதைச் சொல்கிற வேலை முடிந்துபோயிருந்தது. பல வருஷம் கழித்தும் சாவித்ரி, "நெஜமாவே உங்களுக்குப் புடிச்சிருந்துச்சா, இல்ல மாமாவுக்கா?" என்று சீண்டுவாள். மாமா என்று அவள் சொல்வது ஜம்புவை.

இதனால் ரவிசந்திரன் புழுங்கிப் புழுங்கிச் செத்தான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அப்படியெல்லாம் இல்லை. தனக்காக ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது சும்மா நிற்பதில் ஒரு சுகம் இருக்கிறது, அந்தச் சுகம் அவனுக்குப் பழகியிருந்தது. கட்கியின் தமிழ்த் தெருக்களில் அவனுக்குப் பெயரே கிடையாது. ஜம்பு தம்பி. அண்ணன் 'தம்பி' என்பார், அண்ணி பவுன் 'தம்பி' என்பாள், அண்ணனைப் பார்த்து அக்கம்பக்கமும் அப்படியே. தபால்காரர் ஒருமுறை ரவிசந்திரன் யார் என்று கேட்டதற்கு, எதிர்வீட்டுக்காரர் அப்படி யாரும் இங்கே இல்லை என்று அனுப்பிவிட்டார்.

பட்டறையில் கதை வேறு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, ஐம்பது வயது ஃபோர்மன், "ஏ அண்ணா, இகடே யே" என்று கூப்பிட்டார். புனேயில் தெற்கிலிருந்து வந்த எந்த ஆம்பிளையும் அண்ணாதான். வயது ஒரு பொருட்டே இல்லை. முதல் சில நாள் அந்தச் சத்தம் கேட்டதும் ரவிசந்திரன் பின்னால் திரும்பிப் பார்ப்பார், ஜம்பு வந்துவிட்டாரோ என்று. ஜம்பு இல்லை. கூப்பிட்டது தன்னைத்தான் என்று உறைக்க ஒரு வாரம் பிடித்தது.

ஓர் ஆளை நாளெல்லாம் அண்ணா அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தால் அந்த ஆளுக்கு ஏதாவது ஆகத்தான் செய்யும். இரண்டு பேர் ஷிஃப்டுக்காகச் சண்டை போட்டுவிட்டு, "அண்ணா, நீங்களே சொல்லுங்க" என்று வந்து நின்றார்கள். பக்கத்தில் பதில் சொல்ல யாரும் இல்லை. ரவிசந்திரன் எதையோ சொல்லிவைத்தார். அது சரியாகப் போய்விட்டது. அடுத்த முறை கொஞ்சம் யோசித்துச் சொன்னார். மராத்தி அவருக்குப் பட்டறையிலேயே, சண்டை தீர்த்துத் தீர்த்தே, சுத்தமாக வந்துவிட்டது. சாயங்காலம் சைக்கிளில் ஆற்றைத் தாண்டிக் கட்கிக்கு வந்து செருப்பை விட்டதும் பழையபடி தம்பி.

1991-இல் ஜம்பு ஒரு முடிவெடுத்தார். இரண்டு அறை குவார்ட்டர்ஸில் ஏழு பேர் முடியாது, தம்பி தனிக்குடித்தனம் போக வேண்டும். தம்பியிடம் கேட்கவில்லை. சாங்வியில் வீடு பார்த்து, டெம்போவுக்கும் சொல்லிவிட்டு வந்து, "ஞாயித்துக்கெழம போவணும், பாத்திரத்தக் கட்டிக்குங்க" என்றார். தனி வீடு என்றால் தனி ரேஷன் கார்டு. அது இருந்தால்தான் ஆறு வயது மகள் தீபாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க முடியும், கேஸ் வாங்க முடியும். அதற்கும் அண்ணன்தான் லீவு போட்டுக்கொண்டு கூட வந்தார்.

ரேஷன் ஆபீஸ் குமாஸ்தா தலையைத் தூக்காமல், "நாவ்?" என்றார்.

"ரவிசந்திரன்" என்றார் ஜம்பு.

"ஆட்நாவ்?"

ஆட்நாவ் என்றால் மராத்தியில் குடும்பப் பெயர். நம் ஆட்களிடம் அப்படி ஒரு சாமான் இல்லை. அப்பா பெயரின் முதல் எழுத்தோடு நம் வம்சம் முடிந்துபோகும். அதோடு ஜம்புவுக்கு இருபது வருஷம் புனேயில் இருந்தும் மராத்தி ஒட்டவில்லை. ஃபாக்டரியில் பாதிப் பேர் தமிழ், தெரு முழுக்கத் தமிழ், மீதிக்கு ஓட்டை இந்தி. 'நாவ்' என்றால் பெயர் என்பது அவருக்குத் தெரியும். பெயர்தான் சொல்லியாகிவிட்டதே, பிறகு என்ன கேட்கிறான்? குமாஸ்தாவின் பேனா ரவிசந்திரன் பக்கம் நீண்டிருந்தது. ஓ, இவன் யார் என்று கேட்கிறான்.

"ஏ மேரா தம்பி" என்றார் ஜம்பு, நெஞ்சில் கையை வைத்து.

"காய்?" என்றார் குமாஸ்தா. என்ன?

"தம்பி. தம்பி."

"தாம்பே" என்று முணுமுணுத்துக்கொண்டே குமாஸ்தா எழுதினார். தாம்பே என்பது அந்த ஊரில் கௌரவமான ஒரு குடும்பப் பெயர். வீதிக்கு ஒரு தாம்பே இருப்பார்.

ரவிசந்திரனுக்கு எல்லாம் புரிந்தது. கேள்வியும் புரிந்தது, அண்ணன் புரிந்துகொண்டதும் புரிந்தது, பேனா எழுதியதும் தெரிந்தது. முனுசாமி என்று சொல்வதற்காக வாயைத் திறந்தான். ஜம்பு அவன் தோளில் கையை வைத்து, "நீ சும்மா இரு தம்பி, நான் பேசிகினுதான இருக்கேன்" என்றார். அவன் வாயை மூடிக்கொண்டான். மூடிக்கொண்டது பயத்தினால் மட்டுமில்லை. எழுதட்டுமே, என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று உள்ளே ஒரு குறுகுறுப்பு. வெளியே வந்ததும் ஜம்பு ஒரு சாயாவும் ஒரு பாலும் சொன்னார். அவன் பாலைக் குடித்தான்.

ஒரு காகிதம் இன்னொரு காகிதத்தைப் பெற்றுப்போட்டது. ரேஷன் கார்டைப் பார்த்து கேஸ் புத்தகம், அதைப் பார்த்துப் பள்ளிக்கூடம், அதையெல்லாம் பார்த்து வாக்காளர் அட்டை. ரவிசந்திரன் தாம்பே, சாவித்ரி ரவிசந்திரன் தாம்பே, தீபா ரவிசந்திரன் தாம்பே. சாங்வியில் வாசலில் பெயர்ப்பலகை வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் தாம்பே என்றார்கள். பிறகு ஆள் பேசும் மராத்தியில் லேசாகத் தெற்கு வாடை அடிக்கவே, அண்ணாவும் சேர்ந்துகொண்டது. தாம்பே அண்ணா. தமிழில் யோசித்தால் தம்பி அண்ணா. இதை நினைத்து அவர் குளிக்கும்போது தனியாகச் சிரித்திருக்கிறார்.

தனிக்குடித்தனம் வந்த பிறகுதான் சாவித்ரிக்குப் புருஷனின் குரலே ஒழுங்காகக் காதில் விழுந்தது. கணபதி விழா நடத்தும் மண்டலில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். முதல் வருஷம் பந்தலுக்குக் கயிறு பிடித்தார், நாலாம் வருஷம் மைக் பிடித்தார். சாங்விக்குள்ளேயே ஃப்ளாட் வாங்கிக்கொண்டு போனபோது சொசைட்டிக்குத் தலைவராக்கினார்கள். முனிசிபாலிட்டியில் போய் உட்கார்ந்து, குழாய் வரும் வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன் என்று சொல்கிற ஆளாக ஆகிவிட்டார். தாம்பே என்றால் நீங்கள் கொங்கண் பக்கமா என்று யாராவது கேட்டால், ஆமாம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். "இப்ப சாங்வி" என்பார்.

தீபாவின் பள்ளிக்கூட ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் ஜம்புவுக்கு விஷயம் தெரிந்தது. விழுந்து விழுந்து சிரித்தார். அதற்கப்புறம் கட்கித் தமிழர் வீடுகளில் எந்த விசேஷம் நடந்தாலும் பந்தியில் இந்தக் கதை உண்டு. "நான் தம்பின்றேன், அந்தக் கபோதி தாம்பேன்னு எழுதிட்டான். எங்கப்பனுக்கு மராட்டிக்காரப் புள்ள பொறந்துட்டான்யா!" எல்லாரும் சிரிப்பார்கள். பக்கத்து இலையில் ரவிசந்திரனும் சிரிப்பான். அந்தக் கதையில் குமாஸ்தா முட்டாள், ஜம்பு பாவம், தம்பி ஒன்றும் அறியாத குழந்தை. பதினேழு வருஷமாக அதில் ஒரு வரிகூட மாறவில்லை. தம்பிக்கு அன்றைக்கே தெரியும் என்கிற வரி அதில் இல்லை. இத்தனை தடவை சிரித்துவிட்ட பிறகு அதை எங்கே கொண்டுபோய்ச் செருகுவது?

2008-இல் தீபாவுக்கு இருபத்து மூன்று வயது, ஹடப்சரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. வரன் பார்த்தது ஜம்புதான். கோந்த்வாவில் இருந்த தமிழ்க் குடும்பம், ரிடையரான பேங்க் அதிகாரி, மனைவி வேதநாயகி, ஒரே பையன் தேஜஸ். தேஜஸுக்கும் தீபாவுக்கும் பிடித்துப்போயிற்று. நிச்சயத்துக்குத் தேதி குறிக்க ஜம்பு மட்டும் கோந்த்வாவுக்குப் போன அன்று பையனின் அப்பா பெண்ணின் ஜாதகத்தோடு இருந்த தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாம்பேன்னு போட்டிருக்கே, பொண்ணோட அப்பா மராட்டியா? நீங்க கூடப்பிறந்த அண்ணன்தானே?" என்று கேட்டார்.

சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் ஜம்புவுக்கு அது செருப்படியாக விழுந்தது. பந்தியில் சொல்லி நாலு பேரைச் சிரிக்க வைத்த கதையை அந்த ஹாலில் அவரால் சொல்ல முடியவில்லை. நேராக சாங்விக்கு வந்தார், உட்காரக்கூட இல்லை.

"செவ்வாக்கெழம சிவாஜிநகர் கோர்ட்டுல வக்கீலப் பாக்கறோம். கெஜட்டுல போட்டு எல்லாத்தயும் மாத்திடணும். முனுசாமின்னு வரணும். எங்கப்பன் பேரு இன்னா அனாதப் பேரா?"

தீபா மடியிலிருந்த லேப்டாப்பை மூடினாள். "பெரியப்பா, என் பேர் தாம்பே இருக்கு, அதுல என்ன ப்ராப்ளம்? ஆபீஸ்ல சப் லோக் தாம்பேன்னுதான் கூப்டறாங்க. பாஸ்போர்ட்லயும் தாம்பே."

"நீ சும்மா இரும்மா. நான் உங்கப்பங்கிட்ட பேசிகினு இருக்கேன்."

ரவிசந்திரன் அண்ணனைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அண்ணன் படியிறங்கிப் போன பிறகு சாவித்ரி வந்து எதிரே நின்றாள். "மாத்தறதுன்னா மாத்துங்க, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆனா ஒங்களுக்கு வேணுமா வேணாமான்னு ஒரு வார்த்த ஒங்க வாயால சொல்லிட்டு மாத்துங்க. பொண்ணு பாக்க வந்தப்போ சொல்லாதத இப்பவாச்சும் சொல்லுங்க" என்றாள். அன்று ராத்திரி சாப்பாட்டில் உப்பு இருந்ததா என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. தாம்பே போய்விட்டால் போகப்போவது வெறும் எழுத்தில்லை என்று அவருக்குத் தெரிந்தது. மைக் பிடித்தவர், முனிசிபாலிட்டியில் உட்கார்ந்தவர், நாற்பது வீட்டுக்கும் பதில் சொன்னவர் எல்லாம் அந்தப் பெயரில் இருக்கிறவர். முனுசாமி மகன் ரவிசந்திரன் இதுவரை எதையுமே செய்ததில்லை. நாற்பத்தெட்டு வயதில் அவனாகப் போய் எங்கிருந்து ஆரம்பிப்பது? வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்ல வேண்டும். அண்ணனிடம் அந்த வார்த்தையை அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை கோர்ட் வாசலில் வக்கீல் காளேயின் மேஜைக்கு இருவரும் போனார்கள். ஜம்பு போகிற வழியிலேயே டீக்காரரிடம், "ஒரு சாயா, ஒரு தூத்" என்று சொல்லிவிட்டு வந்தார். காளே தலை நிமிர்ந்தவர், நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "அரே, தாம்பே அண்ணா! யா யா, பஸா!" என்று உட்காரச் சொன்னார். சொசைட்டி வழக்குக்காக இரண்டு வருஷம் அங்கே நடையாக நடந்த பழக்கம். டீக்காரரைப் பார்த்து, அண்ணாவுக்கு வழக்கமான இஞ்சி டீ என்று ஒரு சத்தம் போட்டார். ஜம்பு பின்னால் திரும்பி, எந்த அண்ணா என்று பார்த்தார்.

மேஜைக்கு மூன்று கிளாஸ் வந்தது. ஜம்புவுக்கு ஒரு டீ. ரவிசந்திரன் முன்னால் ஒரு கிளாஸ் பாலும் ஒரு கிளாஸ் டீயும்.

காளே பெயர் மாற்றும் ஃபாரத்தை எடுத்துக்கொண்டு விஷயத்தைக் கேட்டார். ஜம்பு இந்தியில் சொன்னார். "காரண் காய் லிஹூ?" என்று காளே ரவிசந்திரனைக் கேட்டார். பெயர் மாற்றக் காரணம் என்னவென்று எழுதுவது?

"க்ளார்க் கா கல்தி" என்றார் ஜம்பு. குமாஸ்தாவின் தப்பு.

ரவிசந்திரன் டீ கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தான்.

"டேய், டீ உனுக்கு ஒத்துக்காதுடா" என்றார் ஜம்பு பதறிப்போய்.

"ஒத்துக்கும்ணா. ரொம்ப வருசமா ஒத்துக்குது." அப்புறம் காளேயிடம் திரும்பி மராத்தியில் நாலு வாக்கியம் சொன்னார். கைகொடுத்து, சிரமத்துக்கு மன்னிக்கச் சொல்லி, நிதானமாக, மைக்கில் பேசுகிற குரலில். காளே சிரித்துவிட்டு ஃபாரத்தை மடித்து வைத்தார். ஜம்புவுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. தன் தம்பி இத்தனை நீளமாகப் பேசி அவர் கேட்டதே அன்றைக்குத்தான், அதுவும் புரியாத பாஷையில்.

"இன்னாடா சொன்ன அவருகிட்ட?"

"பேர மாத்த வேணாம்னு சொன்னேன்ணா."

"பைத்தியமா உனுக்கு? அந்த க்ளார்க்கு தப்பா எழுதினத வச்சிகினு…"

"அவரு தப்பா எழுதலண்ணா. ஆட்நாவ் இன்னான்னு கேட்டாரு. வம்சப் பேரு. நீ தம்பின்னு சொன்ன. அவரு காதுல வுழுந்தத எழுதினாரு."

"உனுக்கு எப்பிடித் தெரியும்?"

"பக்கத்துலதான நின்னுகினு இருந்தேன்."

ஜம்பு டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்ணா."

"பின்ன ஏன்டா சொல்லல?"

"நீ சும்மா இருன்ன. இருந்துட்டேன்."

குத்திக் காட்டுவதற்காகச் சொன்னதில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் ஜம்புவின் முகத்தில் பதினேழு வருஷப் பந்திகளும் ஒவ்வொன்றாக வந்துபோவது தெரிந்தது. ஒவ்வொரு பந்தியிலும் குமாஸ்தாவை முட்டாளாக்கிச் சொன்ன கதை. ஒவ்வொரு பந்தியிலும் பக்கத்து இலையில் தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். எதற்குச் சிரித்தான்?

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேஜையிலிருந்த பாலை, ஆடை படிந்து ஆறியிருந்ததை, வீணாக்க மனமில்லாமல் எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "வரேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.

கல்யாணம் நிற்கவில்லை. மறுவாரம் ரவிசந்திரனே கோந்த்வாவுக்குப் போய், தன் வாயால், ரேஷன் ஆபீஸ் கதையை முழுசாகச் சொன்னார். விட்டுப்போன வரியையும் சேர்த்துத்தான். வேதநாயகியம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ என் மருமக பேரு தீபா தம்பியா?" என்றார். சந்தேகம் அதோடு தீர்ந்தது.

கல்யாணத்தில் ஜம்பு எந்தக் குறையும் வைக்கவில்லை. பத்திரிகையில் அழைப்பவராக அவர் பெயர்தான் முதலில். பந்தலுக்கு நின்றார், சமையல்காரரை விரட்டினார், பெண்ணைத் தாரைவார்க்கும்போது கண்ணைக் கசக்கினார். சம்பந்தி வீட்டார் வந்து இறங்கியதும் வேகமாக ரவிசந்திரனிடம் வந்து, "ரவிசந்திரன், அவங்க வந்துட்டாங்க. நீங்க போயி வாசல்ல நில்லுங்க" என்றார்.

அண்ணன் யாரையோ சொல்கிறார் என்று ரவிசந்திரன் நினைத்தார். ஒருமுறை பின்னால் திரும்பியும் பார்த்தார்.

காலை டிபனின்போது பரிமாறுகிறவர் பால் டம்ளரோடு வந்தார். ஜம்பு அவரைத் தடுத்து, "அவருக்கு டீ குடுப்பா" என்றார்.

நல்ல டீதான். ரவிசந்திரன் ஒரு வாய்க்கு மேல் குடிக்கவில்லை. அண்ணன் பக்கத்தில் இருக்கும்போதும் இனிமேல் 'அவர்'தான் என்று அந்த டம்ளரைப் பிடித்திருந்தபோது அவருக்கு விளங்கியது. அப்பா செத்தபோது நாலு வயது, அழத் தெரியவில்லை. இப்போது நாற்பத்தெட்டு வயது, மகள் கல்யாணத்தில், மண்டபத்துக்குப் பின்னால் தண்ணீர் டிரம் ஓரமாகப் போய் நின்று அழுதார்.

தீபாவளிக்குக் கட்கிக்குப் போனார். "வாங்க, உக்காருங்க" என்றார் ஜம்பு. பவுன் அண்ணி, "வாங்க தம்பி" என்றாள். ஆனால் அண்ணி தண்ணீர் கேன் போடுகிறவரையும் தம்பி என்பாள், அது கணக்கில்லை. பலகாரம் வந்தது, டீ வந்தது. அண்ணி உள்ளே போன சமயம் பார்த்து ரவிசந்திரன் கேட்டேவிட்டார். "ண்ணா, என்னத் தம்பின்னே கூப்புடுண்ணா."

ஜம்பு கொஞ்சம் யோசித்தார். அவர் முகத்தில் வன்மம் ஒன்றும் இல்லை. "ஊரே உங்கள அண்ணான்னு கூப்புடுது. அந்த வக்கீலு எழுந்து நிக்கறாரு. நான் மட்டும் தம்பி கிம்பின்னா நல்லாவா இருக்கும்?" என்றார். பிறகு முறுக்குத் தட்டைத் தள்ளி வைத்தார். "எடுத்துக்குங்க."

மறுவருஷம், 2009-இல், கல்யாணமான தீபாவின் பெயரைக் கார்டிலிருந்து எடுப்பதற்காக ரவிசந்திரன் ரேஷன் ஆபீஸுக்குப் போனார். அதே கட்டடம், ஜன்னலில் மட்டும் கம்ப்யூட்டர் வந்திருந்தது. உள்ளே இருந்த சின்னப் பெண் கார்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், திரும்பக் கார்டைப் பார்த்தாள். ரவிசந்திரன் என்பது தெற்கத்திப் பெயராக இருக்கிறதே, தாம்பே எப்படி வந்தது என்று மராத்தியில் கேட்டாள். பதினெட்டு வருஷத்தில் அந்த ஜன்னலில் அதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

இது குடும்பப் பெயரே இல்லை, தமிழில் இளைய சகோதரனை இப்படிச் சொல்வார்கள் என்றார் ரவிசந்திரன். அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. யார் சொல்வார்கள் என்று கேட்டாள்.

"மாஜா மோடா பாவு மலா தம்பி" என்று ஆரம்பித்தார். என் பெரிய அண்ணன் என்னைத் தம்பி என்று… அதோடு நின்றுவிட்டார். தமிழில் 'கூப்பிடுவார்' என்று சொல்லிவிட்டால் போதும், இன்றைக்கும் பொருந்தும், என்றைக்கோ நடந்ததற்கும் பொருந்தும். மராத்தியில் அந்த வசதி இல்லை. கூப்பிடுகிறார் என்றால் 'ம்ஹண்தோ'. முன்பெல்லாம் கூப்பிடுவார், இப்போது இல்லை என்றால் 'ம்ஹணாய்சா'. இரண்டில் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தப் பெண் விரலைக் கீபோர்டில் வைத்தபடி காத்திருந்தாள்.

"ம்ஹணாய்சா" என்றார் ரவிசந்திரன்.

அவள் முகம் வாடிவிட்டது. குரலைத் தாழ்த்தி, "கதி கேலே?" என்றாள். எப்போது போனார்?

"போகவில்லையம்மா, இருக்கிறார்" என்றார் ரவிசந்திரன் மராத்தியில். "இங்கேதான், கட்கியில்."